ரிசப்ஷன் போனில் ஒரு மூச்சு

என்னைப் போன்ற வாயாடிக்குத்தானா தொண்டையில் நோய் வரவேண்டும்? வந்தது. காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் கூவுவது என் தொழில். விடியும்போது வாயைத் திறந்தால் வெயில் ஏறும்வரை மூடமாட்டேன். தக்காளிக் கூடைக்கு ஒரு குரல், வெங்காய மூட்டைக்கு ஒரு குரல், வம்பு பண்ண வருகிறவனுக்குத் தனியாக ஒரு குரல். சந்தையில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ஏலம் வந்துட்டாரா’, ‘ஏலம் டீ குடிக்கப் போயிருக்கார்’, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தாலும் குரலை இறக்கத் தெரியாது. நான் உப்புக் கேட்டால் அடுத்த தெருவிலிருந்து யாராவது எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள் என்பாள் என் மனைவி.

அந்தக் குரல்பெட்டியை டாக்டர்கள் எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது. கழுத்தின் கீழே ஒரு துளை, அதில் ஒரு சின்னக் குழாய், அதற்குள் இன்னொரு குழாய். மூக்கும் வாயும் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்க, மூச்சு அந்த வழியாகத்தான் போய் வருகிறது. உள்குழாயை அவ்வப்போது கழற்றிக் கழுவ வேண்டும். சளி காய்ந்து அடைத்துக்கொண்டால் ஆபத்து. கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்று இருக்கிறது, புண் நன்றாக ஆறட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். பேச முடியாத ஆத்திரத்தில்தான் எழுதப் பழகினேன். ஆனால் இதை எழுத உட்கார்ந்தது யாரையும் திட்டுவதற்கு இல்லை, நன்றி சொல்வதற்கு. நடுவில் இரண்டொரு திட்டு வந்து விழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், பழக்கதோஷம்.

என் மனைவி வேலை செய்வது மருந்துகளைக் குளிரில் வைத்துக் காக்கும் ஒரு கிடங்கில். ஊரைத் தாண்டி, நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது. அவள் ரிசப்ஷன். பெயர்தான் ரிசப்ஷன், பூ ஜாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிற வேலை இல்லை. எந்த லாரி எந்தக் கதவுக்குப் போக வேண்டும், எந்தச் சரக்கு வெயிலில் நிற்கக் கூடாது, எந்த டிரைவருக்கு அவசரம், யார் அவசரம் மாதிரி நடிக்கிறார், எல்லாம் அவள் கையில். சேர்ந்த புதிதில் ஒரு நாற்காலி கூட ஒழுங்காகக் கொடுக்கவில்லை அவளுக்கு. இப்போது அவள் சொல்லாமல் அங்கே ஒரு கதவும் திறக்காது. வீட்டில் நான் கத்தியது எல்லாம் அவளிடம் எடுபட்டதே இல்லை என்பதற்குக் காரணம் அதுதான்.

என் சிகிச்சைக்காக லீவு போட்டிருந்தாள். லீவு தீர்ந்தபோது பிரச்சினை வந்தது. என்னை எப்படித் தனியாக விட்டுவிட்டுப் போவது?

“குழாய் அடைச்சுக்கிட்டா என்ன பண்ணுவீங்க? யாரைக் கூப்பிடுவீங்க? எப்படிக் கூப்பிடுவீங்க?” என்றாள்.

நான் கட்டில் கம்பியில் நகத்தால் தட்டினேன். ஆஸ்பத்திரியிலேயே நாங்கள் ஏற்படுத்திக்கொண்ட பாஷை அது. ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு தட்டு என்றால் இல்லை. நகத்தால் கீறினால் திட்டுகிறேன் என்று அர்த்தம். விடாமல் தட்டினால் ஆபத்து, உடனே வா. இந்த நாலை வைத்துக்கொண்டு நாங்கள் முழுச் சண்டையே போட்டிருக்கிறோம். பக்கத்துக் கட்டில்காரர் ஒருநாள், “உங்க வீட்டுக்காரர் இவ்வளவு பேசுறாரே, கொஞ்சம் தூங்கச் சொல்லுங்க” என்று என் மனைவியிடம் புகார் சொன்னார்.

செல்போனில் எழுதி அனுப்பினால் ஆகாதா என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கிடங்கில் செல்போனை வாசலிலேயே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். சாயங்காலம்தான் கைக்கு வரும். ஆகவே ரிசப்ஷன் மேஜையில் இருக்கும் போன்தான் ஒரே வழி. எங்கள் வீட்டில் சுவரோடு வயர் இழுத்த பழைய போன் இன்னும் இருந்தது. அதிலிருந்து கூப்பிட்டுத் தட்டுவேன். அவள் பேசுவாள். “சாப்பிட்டீங்களா?” ஒரு தட்டு. “பொய்தானே?” ஒரு கீறல். அவள் சிரிப்பது கேட்கும். பிறகு, “லாரி வந்துருச்சு, வைக்கிறேன்” என்பாள்.

எதற்கும் இருக்கட்டும் என்று எதிர்வீட்டுத் தையல்காரரிடம் ஒரு சாவி கொடுத்து, உள்குழாயை எப்படிக் கழற்றுவது என்றும் சொல்லிக்கொடுத்தாள். முதல்முறை என் கழுத்தைப் பார்த்ததும் மனுஷன் முகம் வெளுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு நான்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அடுத்தமுறை பல்லைக் கடித்துக்கொண்டு கழற்றிவிட்டார். நல்ல கை. துணியைத் தொடுகிற கை அல்லவா, பதற்றம் இல்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் இன்டர்நெட் போன் வந்து மோதியது.

கிடங்கு முழுக்கப் பழைய போன்களைக் கழற்றிப் போட்டுவிட்டு, இன்டர்நெட் வழியாகப் பேசும் புதுப் போன்களை வைத்தார்கள். எண் பழைய எண்தான். வழக்கம் போல மதியம் கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுத்தாள். என் எண்ணைப் பார்த்திருக்க வேண்டும், “என்னங்க, சாப்பிட்டாச்சா?” என்றாள். தட்டினேன்.

“என்னங்க?”

மறுபடி தட்டினேன்.

“என்னங்க, கேக்குதா? தட்டுங்க. ஏங்க?”

நான் தட்டு தட்டென்று தட்டுகிறேன். நகம் போய், விரல் முட்டியால், கடைசியில் சாவிக்கொத்தை எடுத்து ரிசீவரில் அடிக்கிறேன். அவள் குரல் ஏறிக்கொண்டே போகிறது. அப்புறம் போன் வைக்கும் சத்தம். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. முதலில் தையல்காரர், அவள் போன் பண்ணிச் சொல்லி, கழுத்தில் அளவு டேப்போடு ஓடி வந்தார். கொஞ்சம் பொறுத்து, ஒரு டெம்போவை நிறுத்தி ஏறி வந்திருந்த என் மனைவி, வேர்த்து விறுவிறுத்து நின்றாள். நான் சோபாவில் சாவிக்கொத்தும் கையுமாக உட்கார்ந்திருந்தேன், கல்லுக் குண்டு மாதிரி.

அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

மறுநாளும் இதே கூத்து. அதற்கு மறுநாள் அவள் ஓடி வரவில்லை, ஆனால் சாயங்காலம் வந்தபோது மூஞ்சி நாலு நாள் பட்டினி கிடந்த மாதிரி இருந்தது. நானாகப் போன் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு ஒரு போன் போட்டுப் பார்த்தேன். இதைவிட முட்டாள்தனம் உண்டா சொல்லுங்கள். “வணக்கம், உங்களுக்கு எப்படி உதவலாம்?” என்கிறது ஒரு பெண் குரல். நான் தட்டுகிறேன். “உங்க குரல் கேக்கலையே சார்” என்று வைத்துவிடுகிறது. குரல் இல்லையென்று புகார் சொல்லக் குரல் வேண்டும் என்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

வார முடிவில் அவள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். “திங்கக்கிழமை மேனேஜர்கிட்ட சொல்லிடறேன். வேலையை விட்டுடறேன்.”

நான் மேஜையில் இரண்டு தட்டு தட்டினேன்.

“இல்லைன்னா என்ன இல்லை? நீங்க நல்லா இருக்கீங்களா இல்லையான்னு தெரியாம அங்க உக்காந்து நான் யாருக்கு வாசல் திறந்து விடறது?”

மறுபடி இரண்டு தட்டு. தட்டில் சோறு துள்ளியது. அவள் எழுந்து போய்விட்டாள். என் கழுத்தில் ஓட்டை விழுந்தது போதாதா, அவள் வாழ்க்கையிலும் ஒன்று விழ வேண்டுமா? அந்த மேஜைக்கு அவள் எப்படி வந்து சேர்ந்தாள் என்று எனக்குத் தெரியும். நாள் முழுக்க என் குழாயைப் பார்த்துக்கொண்டு அவள் வீட்டில் உட்கார்ந்திருப்பதை விட நான் செத்துப்போகலாம் என்று தோன்றியது. அதைச் சொல்லத்தான் எங்கள் பாஷையில் தட்டு இல்லை.

திங்கட்கிழமை அவளோடு நானும் கிளம்பினேன். தடுத்துப் பார்த்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றுவிட்டேன். எழுதி அழிக்கும் ஒரு வெள்ளைப் பலகையும் பேனாவும் என் கையில் இருந்தன.

கிடங்கில் போன் வேலை பார்த்தது ஒரு பெண்மணி. எல்லோரும் ‘போன் மேடம்’ என்றார்கள். நாற்பது வயசிருக்கும். மடியில் லேப்டாப், காதில் ஒரு பென்சில், பக்கத்தில் ஆறிப்போன டீ. மாடிப்படிக்குக் கீழே வயர்கள் தொங்கும் அலமாரிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். என் மனைவி விஷயத்தைச் சொன்னாள். அவர் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, “அந்த எண்ணிலிருந்து வந்த எல்லா காலும் சரியாத்தான்மா இருக்கு. மணி அடிச்சிருக்கு, எடுத்திருக்கீங்க, கட் ஆகவே இல்லை. ஒரு கோளாறும் காட்டலையே” என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பலகையில் பெரிய எழுத்தில் எழுதினேன்: ‘அப்ப நான் பொய் சொல்றேனா?’

அவர் பலகையைப் பார்த்தார். என் கழுத்தைப் பார்த்தார். பென்சிலைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, “உக்காருங்க சார்” என்றார். “நீங்க போன்ல என்ன பண்ணுவீங்க?”

நான் அலமாரிக் கதவில் ஒரு தட்டு தட்டினேன்.

“பேசவே மாட்டீங்களா?”

இரண்டு தட்டு.

அவர் எழுந்தார். வாசல் காவலர் அறையில், தீ விபத்துக்கென்று ஒரு பழைய வயர் போனை மட்டும் எடுக்காமல் விட்டிருந்தார்கள். அதிலிருந்து ரிசப்ஷனுக்குக் கூப்பிட்டுத் தட்டச் சொன்னார். என் மனைவி மேஜையில் போனை எடுத்தாள். நடுவில் லேப்டாப்போடு அவர் நின்றார். நான் வெளியே போய்த் தட்டோ தட்டென்று தட்டிவிட்டுத் திரும்பி வந்தபோது, அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

“பாருங்க” என்று திரையைக் காட்டினார். எனக்கு என்ன தெரியும், கோடு கோடாக ஓடியது. அவர் சொன்னது இதுதான். இந்தப் போனில் இரண்டு வேலை தனித்தனியாக நடக்கிறது. மணி அடிப்பது, எடுப்பது, யாரோடு யார், எந்த விதமாகப் பேசுவது என்று முடிவு செய்வதெல்லாம் எஸ்ஐபி என்கிற ஒரு ஏற்பாடு. பேரம் முடிந்ததும் குரலைத் துண்டு துண்டாக்கிச் சுமந்து போவது ஆர்டிபி என்கிற வேறொரு ஏற்பாடு. சட்டென்று எனக்குப் பிடிபட்டது. சந்தையில் நான் விலை பேசி முடிக்கிறேன். மூட்டையைத் தூக்கிப் போகிறவன் வேறு ஆள். பேரம் படிந்துவிட்டதாலேயே மூட்டை போய்ச் சேர்ந்ததாக ஆகிவிடுமா? பலகையில் அதை எழுதிக் காட்டினேன்.

“அதேதான் சார்” என்று அவர் முதல்முறையாகச் சிரித்தார். “பேரம் நல்லா நடந்திருக்கு. மூட்டைதான் கிளம்பவே இல்லை. இங்க வர்ற இன்டர்நெட் லைன் ரொம்பக் குறுகல். அதனால பேச்சை அமுக்கிச் சின்னதாக்கி அனுப்புற மாதிரி ஒத்துக்கிட்டிருக்கு ரெண்டு பக்கமும். அந்த முறை மனுஷப் பேச்சுக்குன்னே செஞ்சது. பேச்சு மாதிரி இல்லாத எதையும் அதுக்கு வாங்கத் தெரியாது. அது மட்டும் இல்லை. யாரும் பேசலைன்னா அனுப்புறதையே நிறுத்திடும். சும்மா எதுக்கு லைனை அடைக்கணும்னு. நீங்க தட்டுறதை அது பேச்சுன்னு நினைக்கலை. ‘ஆள் பேசலை’ன்னு முடிவு பண்ணிடுது.”

என் மனைவி கேட்டாள், “இல்லையே மேடம். சுத்தமா சத்தமே இல்லைன்னு சொல்ல முடியாது. லேசா ‘ஸ்ஸ்’னு ஒண்ணு கேட்டுக்கிட்டே இருக்குமே. அதுனாலதான் நான் அப்புறம் ஓடி வரலை.”

போன் மேடம் டீயை எடுத்து, ஆறிப்போனது தெரிந்து, கீழே வைத்தார்.

“அது உங்க வீட்டிலிருந்து வர்ற சத்தம் இல்லைம்மா. உங்க மேஜையில இருக்கிற போனே போடுற சத்தம். எதுவுமே வரலைன்னா லைன் செத்துப்போச்சுன்னு நினைச்சு ஜனங்க வச்சிடுவாங்க இல்லையா, அதுக்காக அதுவே ஒரு பொய்ச் சத்தம் போடும்.”

என் மனைவி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “நான் அதை இவர் மூச்சுன்னு நினைச்சேன்” என்றாள். “கண்ணை மூடிக்கிட்டு அதைக் கேப்பேன். மூச்சு விடுறார், இருக்கார்னு.”

அவள் அழுது நான் பார்த்தது குறைவு. ஆஸ்பத்திரியில் கூட அழவில்லை. அங்கே, லாரிக்காரர்கள் ரசீதோடு வரிசையில் நிற்கிற இடத்தில் நின்று அழுதாள். நான் அவள் தோளில் கை வைத்தேன். போன் மேடம் எங்கள் இருவரையும் பார்க்காமல் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது என்று நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

“நான் வருஷக்கணக்கா போன் போட்டுக் கொடுத்துக்கிட்டு இருக்கேன்” என்றார் மெதுவாக. “பேசாம ஒருத்தர் போன் பண்ணுவார்னு ஒருநாளும் யோசிச்சதில்லை. இருங்க, பாக்கலாம்.”

பேரம் நடக்கும்போதே இதைப் பற்றிச் சொல்லிவிட வேண்டுமாம். அமைதியானால் அனுப்புவதை நிறுத்தலாமா கூடாதா என்று ஒரு பக்கம் வாயைத் திறக்காவிட்டால், நிறுத்தலாம் என்றே மறுபக்கம் எடுத்துக்கொள்ளும். இது இந்தக் கிடங்கின் போன் மட்டும் செய்யும் வேலை இல்லை, அந்த அமுக்கும் முறைக்கே உள்ள விதி. ‘கூடாது’ என்று ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும். கூடவே, அமுக்காமல் முழுச் சத்தத்தையும் அப்படியே அனுப்பு என்றும் கேட்க வேண்டும். ஆனால் எல்லா அழைப்புக்கும் அப்படிக் கேட்டால் குறுகலான லைன் திணறும். மாதக் கடைசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசும்போது ஒருவர் பேச்சும் ஒழுங்காகப் போகாது. ஆகவே எங்கள் வீட்டு எண்ணிலிருந்து வரும் அழைப்புக்கு மட்டும்.

அதற்கு மேனேஜர் சம்மதம் வேண்டியிருந்தது. அவர் நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் முதலில் வேண்டாம் என்று சொல்லிப் பார்க்கும் ஜாதி. “ஒரு ஆளுக்காக சிஸ்டத்துல தனியா விதி போடறதா?” என்றார்.

“ஒரே ஒரு ஆளுதான் சார்” என்றார் போன் மேடம்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். என் மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துவிட்டு ஒரு டிரைவரிடம், “அண்ணே, அந்த ஊசி மருந்தை நிழலுக்குக் கொண்டு போங்க, கதவைத் திறக்கச் சொல்றேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். “இவங்க போயிட்டா இங்க ஒருத்தனுக்கும் வாசல் எதுன்னு தெரியாது” என்று முனகிவிட்டு, “போடுங்க” என்றார். நான் கும்பிட்டேன். அவருக்குக் கூச்சம், உள்ளே போய்விட்டார்.

வேலையை விடும் பேச்சு அன்றைக்கு எடுக்கப்படவில்லை. ஆனால் அந்த எண்ணம் போகவும் இல்லை. “முதல்ல கேக்குதான்னு பாக்கறேன்” என்றாள் ராத்திரி சாப்பிடும்போது. “இந்தத் தடவையும் ஏமாந்தா அவ்வளவுதான்.”

மறுநாள் மதியம் கூப்பிட்டேன். முதன்முதலாக ஏலம் கூவிய நாளில் கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

“தட்டுங்க” என்றாள்.

தட்டினேன்.

மறுபக்கம் ஒன்றும் பேசவில்லை. சரி, போச்சு என்று நினைத்தேன். அப்புறம் அவள் குரல் வந்தது. “கேக்குதுங்க. நல்லா கேக்குது. ஃபேன் டக்கு டக்குனு அடிக்குதே, எண்ணெய் போடச் சொன்னேனே போட்டீங்களா? பின்னாடி டிவி வேற. மூச்சும் கேக்குதுங்க. பழைய தண்ணி பம்பு மாதிரி கேக்குது.”

நான் நீளமாக ஒரு கீறு கீறினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பக்கத்தில் யாரிடமோ, “என்னைத் திட்டுறார்” என்று பெருமையாகச் சொன்னாள். அந்தப் பக்கம் போன் மேடத்தின் சிரிப்பும் கேட்டது.

அதற்குப் பிறகு நாட்கள் நன்றாகவே போயின. அவள் வேலைக்குப் போனாள், நான் தட்டினேன். குளிர்காலம் வந்தது.

காற்று வறண்டால் சளி காயும். அன்று காலையிலிருந்தே மூச்சு கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. இருமிப் பார்த்தேன். உள்குழாயைக் கழற்றப் பார்த்தேன், வரவில்லை. வெந்நீர் ஆவி பிடித்தால் இளகிவிடும் என்று நினைத்தேன். கொஞ்சம் இளகிய மாதிரியும் இருந்தது. மதியம் ஆனது. கூப்பிடாவிட்டால் அவள் பயப்படுவாள். கூப்பிட்டேன்.

“சாப்பிட்டீங்களா?”

ஒரு தட்டு.

“நல்லா இருக்கீங்களா?”

இங்கேதான் நான் யோசித்தேன். இல்லை என்று தட்டினால் ஓடி வருவாள். ஓடி வந்தால் அன்றோடு அவள் அந்த மேஜைக்குத் திரும்பிப் போகமாட்டாள். எனக்குத் தெரியும் அவளை. இதுவும் சரியாகிவிடும், இதற்காக அவளை ஏன் இழுக்க வேண்டும் என்று நினைத்து, அழுத்தமாக ஒரே ஒரு தட்டு தட்டினேன். நல்லா இருக்கேன்.

“பொய் சொல்றீங்க” என்றாள்.

இரண்டு தட்டு தட்டினேன்.

“சும்மா இருங்க. தட்டாதீங்க. மூச்சு விடுங்க, நான் கேக்கறேன்.” நான் மூச்சு விட்டேன். “விசில் அடிக்குது. உள்ள இழுக்கறப்ப விசில் அடிக்குது. குழாய் அடைச்சிருக்கு. எப்போலேர்ந்து? சரி, அதெல்லாம் அப்புறம். போனை வைக்காதீங்க. மேஜை மேல வச்சிட்டு நிமிர்ந்து உக்காருங்க.”

அவள் இன்னொரு போனில் தையல்காரரை அழைப்பது இந்தப் போனில் கேட்டது. குரல் உயரவில்லை. சந்தையில் நான் பத்து பேரை ஒரே நேரத்தில் சமாளித்திருக்கிறேன், அந்த நிதானம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஒரு கதவுக்கு லாரியை அனுப்புகிற அதே குரல். தையல்காரர் சாவியைத் திருகிக்கொண்டு உள்ளே வந்தார். என் கண் அதற்குள் இருட்டத் தொடங்கியிருந்தது. அவர் ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் செருகிக்கொண்டார்.

“கையைக் கழுவினீங்களாண்ணே? சரி. அலமாரியில உப்புத்தண்ணி மருந்து இருக்கு. ரெண்டு மூணு சொட்டு துளைக்குள்ள விடுங்க. அவர் இருமுவார், பயப்படாதீங்க. அவரை முன்னாடி சாய்ச்சுப் பிடிங்க. இப்ப குழாயைத் திருகி இழுங்க. பலமா இல்ல, நீங்க நூல் கோக்குற மாதிரி.”

அவர் இழுத்தார். வந்தது. கூடவே ஒரு கெட்டிச் சளி உருண்டை. நான் இழுத்த மூச்சு நுரையீரலின் அடிவரை போய் இறங்கியது. உலகத்தில் காற்று என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு யாருக்கு நன்றி சொல்வது?

தையல்காரர் என்னிடம் ரிசீவரைக் கொடுத்தார். அவருடைய சட்டை முழுக்க வேர்வை. நான் அதைக் கழுத்துக்கு அருகில் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அங்கே யாரோ அவளை எதற்கோ அவசரமாகக் கூப்பிட்டார்கள். “ஒரு நிமிஷம்” என்று அவர்களிடம் சொல்லிவிட்டு மறுபடி கேட்டாள்.

“இப்ப விசில் இல்லை” என்றாள். “சரியாயிடுச்சு. குழாயைக் கழுவிப் போடச் சொல்லுங்க. சாயங்காலம் டாக்டர்கிட்ட காட்டிடுவோம், நான் வந்து கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் அண்ணனை உங்ககூடவே உக்காரச் சொல்லியிருக்கேன். இனிமே நல்லா இருக்கேன்னு தட்டினீங்கன்னா நான் நம்பப் போறதில்லை, நானே கேட்டுக்கறேன். வைக்கட்டுமா? மூணாவது கதவுல லாரி நிக்குது.”

வைத்துவிட்டாள்.

நான் ரிசீவரைப் பிடித்தபடி அழுதேன். எனக்குச் சத்தமில்லை, தோள் மட்டும்தான் குலுங்கும். தையல்காரர் பதறிப்போய், “வலிக்குதா? எங்க வலிக்குது? அவங்களைத் திரும்பக் கூப்பிடட்டுமா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வேண்டாம் என்று அவசரமாகக் கையை ஆட்டினேன். அவள் ஓடி வரவில்லை. என்னைக் காப்பாற்றிவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். இது சந்தோஷத்தில் அழுகிற அழுகை என்று அந்த நல்ல மனுஷனுக்குப் புரியவைக்க எனக்குப் பலகை முழுக்க எழுத வேண்டியிருந்தது.